‘மைந்தரே’ இருந்த இடம்

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆண் மாணவர்களுக்கென்றே இருந்த எங்கள் கல்லூரிச் சகோதர சங்கத்தின் பழைய பாட்டைத் திருத்தும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். ஒஹையோ முழுக்கத் தேடியும் என்னைவிடச் சுருதி கெட்டவன் அகப்படவில்லையாம். ‘இவ்வீட்டின் மைந்தரே’ என்ற வரிதான் வழக்கு. என் பிள்ளை லினியாவும் இதே சங்க வீட்டில் தங்கிப் படித்தவள், கழுத்து நரம்பு புடைக்க அதைப் பாடியவள். அவள் மகன் அல்ல, மகள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. இன்று போனில், “அந்த வரியை மாத்துங்கப்பா. மாத்தினா அக்டோபர் விழாவுக்கு வரேன், உங்க பக்கத்துல நின்னு பாடறேன்” என்றாள்.

செப்டம்பர் 19, வியாழன்

குழு கூடியது. ‘உறுப்பினரே’ என்றான் ஒருவன். வங்கி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ‘நண்பரே’ என்றால் யாரோ ஓட்டுக் கேட்டுக் கதவைத் தட்டுகிறான் என்று தோன்றும். கடைசியில் ‘மக்களே’ நின்றது. மூத்தவர் ஆர்லன் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “உங்கப்பன் பாடின பாட்டுடா இது!”

“எங்கப்பா பாடினா நாய் ஊளையிடும் அண்ணே. அதையும் சேர்த்து வச்சுக்கலாமா?”

முறைத்தார்.

செப்டம்பர் 28, சனி

சங்கப் பொதுக்கூட்ட ஓட்டெடுப்பில் ஜெயித்துவிட்டேன்! பேச்சை எழுதித்தான் கொண்டுபோனேன். முதல் பத்தியிலேயே ஒருவன் கொட்டாவி விட்டான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, லினியா சங்கத்து முன்கூரையைப் பொத்துக்கொண்டு கல்லூரி முதல்வரின் விருந்து மேசையில் விழுந்த கதையை எடுத்துவிட்டேன். கூட்டம் உருண்டது. சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. கைகள் உயர்ந்தன. ஆர்லனுடையதும்கூட, மெதுவாக.

அதே நாள், வீட்டுக்கு வந்தபின்

என் மனைவி பெவ் சுத்தமான அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “வெளியூர்க்காரங்க எல்லாம் கூட்டத்தைக் கம்ப்யூட்டர்ல பார்த்தாங்க, வெஸ். அவளும் பார்த்தா.”

நல்லதுதானே என்றேன்.

“கதை பூரா ‘என் பையன், என் பையன்’னே சொன்னே. அந்தப் பழைய பேரையும் சொல்லிச் சிரிக்க வச்சே.”

நானா? — சொன்னேனா? — சொல்லியிருக்கேன். அந்தக் கதையை அப்படியே சொல்லிச் சொல்லிப் பழக்கம். ஐயோ, தாள்ல ‘மகள்’னுதானே எழுதியிருந்தேன்! கைக்குத் தெரிஞ்சது இந்தப் பாழாப்போன வாய்க்குத் தெரியலயே.

செப்டம்பர் 29, ஞாயிறு

லினியா போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

எடுத்தாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவன், பழக்கதோஷம், நடுவில் ஒரு ஜோக்கையும் செருகிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு, “பாட்டு நல்லா வந்திருக்குப்பா. ஆனா நீங்க மாத்தினது பாட்டை மட்டும்தான்” என்றாள்.

அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

அக்டோபர் 19, சனி

விழா. பாடுமுன் கைகளைக் குறுக்கே கோத்து வட்டமாக நிற்பது வழக்கம். வட்டம் மூடாமல் பாட்டு தொடங்காது. என் இடக்கையை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தேன்.

“உன் மகள் வரலையா?” என்றார் ஆர்லன். அவர் வாய்க்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

“வழியில இருப்பா, அண்ணே.”

காத்திருந்தார்கள். நல்லவர்கள், கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தார்கள். பிறகு ஆர்லன் நகர்ந்து வந்து என் இடக்கையைப் பிடித்துக்கொண்டார்.

பாடினோம். ஒருவர் வாயிலும் பழைய சொல் வரவில்லை.