வளைவில் மறையும் வீடு

ஸ்காபரோ, கனடா
யூன் 14

அன்பு மகள் சாம்பவிக்கு,

நானும் அப்பாவும் இங்கே சாப்பிட்டுப் படுத்து எழும்பி இருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் கடிதம்.

முதலில் பூச்செய்தி. பின்வளவில் நீ நட்ட மஞ்சள் ஓர்க்கிட், எங்கும் கிடைக்காதது, ஒருவரும் கைவைக்கக்கூடாது என்று எங்களை வெருட்டி வைத்திருந்தாயே, அது இத்தனை வருடத்துக்குப் பிறகு போன மாதம் ஒரேயொரு பூப் பூத்தது, குழந்தையின் சப்பாத்துப் போல. உனக்குப் படமெடுத்து அனுப்பக் காலையில் போனால் தண்டுதான் நின்றது. அப்பா விடிய முழுகிவிட்டுச் சாமிக்குப் பூ ஆயும்போது அதையும் ஆய்ந்து பிள்ளையார் படத்துக்கு வைத்துவிட்டார். ஏனப்பா ஆய்ஞ்சனீங்கள் என்று சத்தம் போட்டேன். வடிவான பூவெல்லோ, சாமிக்கு வைக்காமல் ஆருக்கு வைக்கிறது என்றார். நீ சொன்ன எதுவும் அவருக்கு நினைவில்லை. டொக்டரிடம் கூட்டிப்போனேன். மறதி நோய் தொடங்கிவிட்டதாம், மருந்து மெதுவாக்குமே தவிர நிறுத்தாதாம்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். இந்தத் தோட்டத்தை அமைத்தபோது நீ கல்லுப்பாதையை நேராக விடாமல் அடர்ந்த சீடர் மரங்களைச் சுற்றி வளைத்தாய். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டினால் தோட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்பாய். வளைவில் நின்று திரும்பினால் வீடு தெரியக்கூடாதென்று மரங்களை மாற்றி மாற்றி நட்டு எங்கள் முதுகை முறித்தாய். அப்பாவுக்கு அதில் எவ்வளவு பெருமை. வந்தவர்களின் தேத்தண்ணி ஆறினாலும் விடாமல் வளைவுக்குக் கூட்டிப்போய், இப்ப வீடு தெரியுதோ என்று கேட்பார், இல்லை என்றால்தான் விடுவார். போன செவ்வாய்க்கிழமை அதே வளைவில் பூத்தட்டோடு நின்று அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், வீட்டைக் காணேல்லை, வீடு எங்கை என்றார். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து பின்கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன். அவர் கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை மகள்.

பக்கத்து வீட்டுக் கிளிபோட் அண்ணை, வளைவில் நின்றால் வீடு தெரியும்படி மரங்களை வெட்டித் தருகிறேன் என்கிறார். நல்ல மனம்தான், ஆனால் நீ நித்திரையில்லாமல் படம் கீறி அமைத்த தோட்டத்தில் உன்னைக் கேளாமல் ஒரு கொப்பும் வெட்ட விடமாட்டேன். நிழல் போனால் ஓர்க்கிட் தாங்காது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும்தான் கேட்கிறேன், கோபிக்காதே. எதை வெட்டுவது எதை விடுவது என்று உனக்குத்தான் தெரியும், லீவு எடுத்துக்கொண்டு வா.

உன் கைக்கும் கண்ணுக்கும் பிள்ளையார் துணையிருக்கட்டும். அங்கே தோட்டங்களில் வெயிலில் நின்று வேலைசெய்யும்போது தொப்பி போடு, இரும்புச்சத்துக் குளிசையை விழுங்காமல் விடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. மரம் வெட்டி முடிந்ததும் அப்பாவை வளைவில் கொண்டுபோய் நிறுத்தி, இப்ப வீடு தெரியுதோ என்று நீயே கேள். அவர் ஓம் என்று சொல்ல வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
யோகமலர்