இனியன் வைத்துவிட்டுப் போன சத்தம்

மே 12, ஞாயிறு

நாமக்கல்லில் கல்யாண வரவேற்பு. கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் மேடைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, நம்ம இனியன் வாசிக்கற மாதிரியே இருந்துச்சுங்க." நல்ல மனசோடுதான் சொன்னார். நான் சுற்றிய வயரையே அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

இனியனை நான் பார்த்ததுகூட இல்லை. போன ஆவணியில் மாரடைப்பு, முப்பத்தாறு வயசு. தை மாதம் அவர் இடத்தில் பாஸ் கிதார் வாசிக்க என்னை இந்த மெல்லிசைக் குழுவில் சேர்த்தார்கள். கிதார் என்னுடையது. அதன் சத்தம் வெளியே வரும் ஆம்ப் பெட்டி அவருடையது. அதன் குமிழ்கள் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப். அவர் கடைசியாக வைத்த இடத்தைவிட்டு எதுவும் நகரக்கூடாது என்று ஒட்டியவர் எங்கள் ட்ரம்மர், சென்னிமலை அண்ணன். இனியனின் கூடப்பிறந்த அண்ணன்.

மே 15, புதன்

ஒத்திகை. ஸ்விட்சைப் போட்டதும் ஆம்ப் 'தொப்'பென்று ஒரு சத்தம் போடும். எல்லா ஆம்ப்பும் போடுவதுதான். ஆனால் அது கேட்டதும் சென்னிமலை அண்ணன் நிமிர்ந்து பார்க்கிறார் — யாரோ உள்ளே வந்த மாதிரி. அப்புறம் கண்ணை மூடிக்கொள்கிறார். பாட்டு முடிகிற வரை திறப்பதில்லை. என்னைப் பார்த்துவிட்டால் தம்பி வாசிக்கிற நினைப்பு கலைந்துவிடும் போல.

மே 16

விரல் என்னுடையதுதான். சத்தம் என்னுடையதில்லை. அப்படியானால் வாசிப்பது யார்?

மே 22, புதன்

பகலில் எனக்குத் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கம்பெனி ஆபீஸில் வேலை. பின்னால் யார்டில் துளைபோடும் ரிக் வண்டியின் கம்ப்ரஸரை ஓட்டிச் சோதித்தார்கள். தரை அதிர்ந்து நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. இனியன் என்று நினைத்தேன். பைத்தியமா எனக்கு?

மே 27, திங்கள்

மறுபடியும் மண்டபம், மறுபடியும் அதே கஷ்டம். எந்த ஸ்வரம் வாசித்தாலும் வெறும் 'கும்' என்றுதான் வருகிறது. ஆம்ப்பை மேடை மூலையில் வைத்தால் இன்னும் மோசம். சுவரைவிட்டுத் தள்ளி வைத்தேன், நாற்காலிமேல் ஏற்றிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அடித்தொனியான பாஸைக் குறைத்து நடுத்தொனியான மிட்டைக் கொஞ்சம் கூட்டினால் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்கும். கைக்கெட்டும் தூரத்தில்தான் குமிழ்.

குணசீலனிடம் கேட்டேன். அவர்தான் பாடுகிறவர், குழுவும் அவருடையது. "அந்தப் பேச்சு மட்டும் வேண்டாங்க மதுமதி. சென்னிமலை போயிட்டா எனக்குக் குழுவே இல்லை" என்றார்.

ஜூன் 3, திங்கள்

நேற்று ராசிபுரம். தகரக் கூரை மண்டபம். மூன்றாவது பாட்டிலேயே கல்யாணப் பெண்ணோட அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். "அடிவயிறு கலங்குதுங்க. பந்தியில பாத்திரமெல்லாம் அதிருது." எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் என்ன பண்ணட்டும்?

டேப்பைக் கிழித்தேன். பாஸைப் பாதியாக இறக்கினேன், மிட்டை ஏற்றினேன். அடுத்த பாட்டு — ஐயோ, அவ்வளவு தெளிவு! தை மாதத்திலிருந்து வாசிக்கிறேன், என் விரலை நானே கேட்டது நேற்றுத்தான்.

பல்லவி முடியவில்லை, ட்ரம்ஸ் நின்றுபோனது. சென்னிமலை அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சத்தமே போடவில்லை. "அவன் இருந்தது அது ஒண்ணுலதான் அம்மிணி. அதையுந் தொடச்சுப் போட்டீங்களே" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

மீதிக் கச்சேரியைக் கீபோர்டிலிருந்த தாளத்தை வைத்து ஒப்பேற்றினோம்.

ஜூன் 5

சென்னிமலை அண்ணன் போன் எடுக்கவில்லை. குணசீலன் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

ஜூன் 8, சனி

முடிவு பண்ணிவிட்டேன். ஆம்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது. யாரிடம் கொடுப்பது? ஓமலூரில் இனியனின் மனைவி இருக்கிறார், அறிவுச்செல்வி. கேட்டுவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன்.

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனார். "இங்க கொண்டாராதீங்க. அதை ஊட்டுல வெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாதுங்க."

டேப்பைக் கிழித்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்குப் புரியவே இல்லை. "எதுக்குங்க டேப்பு?"

"அவர் வச்ச செட்டிங் மாறக்கூடாதுன்னு..."

"அவரா? ஒரு எடத்துல வெச்ச மாதிரி இன்னொரு எடத்துல வெக்கவே மாட்டாருங்க. போனதும் மொதல்ல மண்டபத்தச் சுத்திக் எதிரொலி எப்படின்னு கைதட்டிப் பாத்துக்கிட்டே நடப்பாரு. கடைசியா வாசிச்சது ஜேடர்பாளையத்துல, ஆடிப் பதினெட்டுக்கு. நானும் போயிருந்தேன். ஆத்தோரம், வெட்டவெளி. காத்துல சத்தம் கரைஞ்சிரும்னு பாஸை அள்ளி வெச்சாரு. அது அந்த ஒரு நாளைக்குத்தானுங்க."

ஒரு நாளைக்கு. அந்த ஒரு நாளைத்தான் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம்.

கிளம்பும்போது சென்னிமலை அண்ணனைப் பற்றிக் கேட்டார்: "மாமா நல்லா இருக்காருங்களா? காரியம் முடிஞ்சதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலைங்க."

ஜூன் 9

சென்னிமலை அண்ணன் இன்றைக்குப் போனை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஜேடர்பாளையத்துக் கதையை மட்டும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம், "அடுத்த ஞாயித்துக்கெழம கச்சேரிக்கு வாரேன்" என்றார்.

ஜூன் 17, திங்கள்

நேற்று மேட்டூரில் பகல் கச்சேரி. சென்னிமலை அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். "நீங்க வாசிங்க அம்மிணி" என்று மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய் நின்றார். வாசித்தேன். அங்கிருந்து கையைக் காட்டினார் — குறை, இன்னும் குறை. நான் குமிழைத் திருகினேன். போதும் என்றதும் அப்படியே நின்றார். கண் திறந்தே இருந்தது.

மேடைக்கு வந்து சொன்னார்: "இருவது வருசமா அவன் பக்கத்துல உக்காந்தே வாசிச்சிருக்கேன். ஒரு நாளும் முன்னால போய் நின்னு கேட்டதில்ல."

கச்சேரி நன்றாக நடந்தது. இனியன் மாதிரி இருந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதைத்தானே விரும்பினேன்? ஆனாலும் ஒரு மனுஷனை மேடையிலிருந்து இறக்கிவிட்டாற்போல் இருந்தது.

திரும்பும்போது ஓமலூர் தாண்டுமுன் சென்னிமலை அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னார். எந்தத் தெரு என்று அவரே வழி காட்டினார். இனியன் வீட்டு வாசலில் நின்று, "அம்மிணி" என்று கூப்பிட்டார். அறிவுச்செல்வி வெளியே வந்து பார்த்துவிட்டு, கதவை அகலத் திறந்துவைத்து உள்ளே திரும்பினார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனார்.

கொஞ்ச நேரத்தில் அறிவுச்செல்வி அழுவது கேட்டது. அப்புறம் அண்ணனும். டிரைவர் எட்டி இன்ஜினை அணைத்தார். நாங்கள் யாரும் இறங்கவில்லை.