ஈ மொய்க்காத தட்டு

செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணா,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கோணல் எழுத்துக்குத் திட்டாதே. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா வைக்கோலைக் கூழாக்குகிறார். அம்மா அதை அச்சில் அழுத்திப் பழம் அடுக்கும் தட்டாக்குகிறாள். நீ சொன்னபடியே தட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, தக்காளி அழுகுவதில்லை. "ஈகூட மொய்க்கல பாரு, என் பையன் மூளையே மூளை!" என்று அப்பா தெருவெல்லாம் சொல்கிறார்.

அண்ணா, ஈ ஏன் மொய்க்கவில்லை? முன்பு வைக்கோலை மூன்று தண்ணீரில் அலசினோம். அப்போதெல்லாம் ஈ வந்தது. ஒரு தண்ணீர் போதும் என்று நீ எழுதிய பிறகுதான் வருவதில்லை. இந்த வைக்கோல் வரும் பண்ணையில் அறுப்புக்கு முன்னால்கூடப் பூச்சிமருந்து அடிக்கிறார்களாம். புதுத் தட்டில் சர்க்கரை போட்டுப் பார்த்தேன். எறும்புகள் அதிலேயே செத்துக் கிடந்தன.

அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. அவளால் எனக்குப் பின்னல்கூடப் போட்டுவிட முடியவில்லை. கேட்டால், "போடி, வேலைக் களைப்பு" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அலசச் சொல்லி அப்பாவுக்கு எழுது. நீ சொன்னால்தான் கேட்பார்.

உன் எலிக்குஞ்சு

வியாழன்

என் செல்ல எலிக்குஞ்சுக்கு,

பல்லியைப் பார்த்தே வீட்டை இரண்டாக்குகிறவள் நீ. எறும்பு செத்ததற்கா இத்தனை அழுகை?

மூன்று முறை அலசினால் சொன்ன நாளில் சரக்கு சேராது. இங்கே எங்கள் கம்பெனியில் பழம் அழுகுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் பழம் அடைக்கப்போகும் முதல் சரக்கு இது. சனிக்கிழமை லாரி ஏறும்வரை வாயைத் திறக்காதே. என் வேலையே அதில்தான் இருக்கிறது.

அம்மாவைக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல். நன்றாகப் படி.

அன்புடன்,
அண்ணன்

வெள்ளி இரவு

அண்ணாவுக்கு,

கையுறை எதற்கென்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. மருந்துக்கடையில் வாங்கி வந்தேன். அம்மா அச்சின் பக்கத்திலேயே விழுந்து கிடந்தாள், வாயில் நுரை. விரல்கள் மடங்கியே இருந்தன. ஒன்றுகூடக் கையுறைக்குள் போகவில்லை.

"எதைத் தொட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார். "வெறும் வைக்கோல்தாங்க" என்றார் அப்பா. "பூச்சிமருந்து அடிச்ச வைக்கோல்" என்று நான் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மா இன்னும் கண் திறக்கவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். எனக்குத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தை தூங்கியதும் நம் பட்டறைக்குப் போனேன். அந்தக் கையுறையை நான் மாட்டிக்கொண்டு, தட்டு அடுக்கின் மேல் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் பட்டால் உன் தட்டுகள் எவ்வளவு சீக்கிரம் கரைகின்றன தெரியுமா? லாரிக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

அப்பா வந்து அடித்தால் அடிக்கட்டும். நீ இனி என்னை எலிக்குஞ்சு என்று கூப்பிடாதே.

அம்மாவின் மகள்