இரண்டாவது வண்டி

மாட்சிமை தாங்கிய அப்பாவுக்கு,

பயப்படாமல் பிரியுங்கள், இந்த முறை கவருக்குள் ரப்பர் பல்லி இல்லை.

அடுத்த மாதம் அம்மாவும் நானும் முதல்முறையாக மலைக்குள் மண்பாதையில் ஜீப் ஓட்டப் போகிறோம். ஓட்டுவது அம்மா, வாயாடுவது நான். பாறையில் வழுக்காமலிருக்க டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமாம். போன வாரம் அம்மாவின் ஜீப்பில் ஒத்திகை பார்த்தேன். திரும்ப அடிக்க வீட்டில் பம்ப் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அம்மா வேலைக்குப் பஸ்ஸில் போனாள். டயரிலிருந்து இறங்கிய காற்றெல்லாம் அவள் முகத்தில் ஏறி உப்பியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாதையில் தனி வண்டியை விடமாட்டார்கள். ஒன்று சேற்றில் புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும்.

"ரெண்டாவது வண்டிக்கு யாரைடா பிடிச்சிருக்க?"

"நல்லா ஓட்டுவாரும்மா. ரிவர்ஸ் எடுத்தா மட்டும் நம்ம பூந்தொட்டி உடையும்."

நீங்கள் தனி வீட்டுக்குப் போன ஒன்றரை வருடமாக, உங்கள் பேச்சை எடுத்தாலே அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள். அன்று கூட்டவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"வர்றதுன்னா கயிறு அவரையே கொண்டுவரச் சொல்லு. நம்மகிட்ட இருக்கறது துணி காயப்போடுற கயிறுதான்."

ஏறும்போது நான் அம்மா வண்டி. இறங்கும்போது உங்கள் பக்கத்து சீட்டு எனக்கு வேண்டும்.

மலைப்பாதைக்கான அனுமதிப் படிவத்தில் 'இரண்டாவது வண்டி' என்ற இடத்தில், நீங்கள் சர்வேக்கு எடுத்துப்போகும் ஜீப்பின் எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பேனாவால் எழுத வேண்டும், அப்பா.

இப்படிக்கு,
உங்கள் அறுந்த வால்