தப்புக் கணக்கை அச்சிட்ட புத்தகம்

தென்காசி
30-7-1966

அன்பு மகன் அகமது கபீருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உண்டு உடுத்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். பம்பாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று உன் உம்மா ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாரல் இந்த வருஷம் பிந்தி வந்தாலும் வந்த பிறகு போக மனமில்லாமல் நிற்கிறது. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. உன் தங்கை ஷமீம் பானுவுக்கு ஜலதோஷம் பிடித்து இப்போது தேவலை. பள்ளியில் புதுத் தலைமையாசிரியர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. என்னைவிட ஒன்பது வயது இளையவர், சரித்திரக்காரர். வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, கால அட்டவணை போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்வதாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் கணிதம் நடத்திய ஒரு பி.ஏ., எல்.டி.க்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் கடிதம் பதினைந்தாம் தேதியே கிடைத்தது. பதில் ஏன் தாமதம் என்று நீ நினைத்திருப்பாய், அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். உன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் என்ற யந்திரம் வருகிறது, அதற்கு ஃபோர்ட்ரான் என்று ஒரு பாஷை இருக்கிறது, அதைப் படிக்கப் பத்துப் பேரைப் பொறுக்கியிருக்கிறார்கள், அக்டோபர் பரீட்சையில் ஆறு பேரை வைத்துக்கொண்டு நாலு பேரைப் பழையபடி கிடங்குப் பிரிவுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். கம்பெனி நூலகத்தில் இரண்டு விதப் புத்தகம் உண்டு, ஒன்று இங்கிலாந்துக்காரர் எழுதிய மெல்லியது, ஒன்று அமெரிக்காக்காரர் எழுதிய தடியன், ஆளுக்கு ஒன்றுதான், ஆகஸ்ட் ஆறாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும், கொடுத்தால் பரீட்சை வரை மாற்ற முடியாது, வாப்பா எதைச் சொன்னால் அதை எடுக்கிறேன் என்று கேட்டிருந்தாய். அதுவரை எனக்குச் சந்தோஷம்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பால்வண்ணநாதன் மாமா சென்னைக் கல்லூரியில் இந்தப் பாஷையைத்தான் இப்போது சொல்லிக்கொடுக்கிறாராம், சாரலுக்குக் குற்றாலம் வருவாரே, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய்.

அவனுக்கும் எனக்கும் இருபத்தேழு வருஷமாகப் பேச்சு கிடையாது என்பது உனக்குத் தெரியும், காரணத்தை முழுதாகச் சொன்னதில்லை. பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. எம்.ஏ. படிக்க ஒரே ஓர் உதவித்தொகை வந்தது, உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள் என்று பிரின்ஸ்பால் சொல்லிவிட்டார். உன் தாத்தா அப்போது படுக்கையில். நான் போகிறேன், நீ அடுத்த வருஷம் போ என்றான் பால்வண்ணன். நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வருஷம் யுத்தம் வந்து உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். அவன் இங்கிலாந்து வரை போய் வந்தான். நான் ஆலங்குளம் வரை மாற்றலாகிப் போய் வந்தேன்.

ஆகவே போவதில்லை என்று ஐந்து நாள் இருந்தேன். உன் உம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதாவது எனக்குக் கேட்கும்படி ஷமீமிடம் சொன்னாள். ஆறாம் நாள் நேரேயே சொல்லிவிட்டாள்: “அவுஹ மேல உள்ள கோவத்தை நீங்களே வச்சிக்கிடுங்க, யாரும் பங்கு கேக்கல. புள்ளைக்கு எந்தப் புஸ்தகம்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.” மறுநாள் பள்ளி விடுமுறை, காலை பஸ்ஸில் போனேன். சாரலுக்கு அவன் தங்கும் பங்களாவில் விசாரித்தால் ஐயா ஐந்தருவிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அங்கே யார் பேராசிரியர், யார் பியூன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. எல்லோரும் ஒரே மாதிரித் துண்டு கட்டி, ஒரே மாதிரி எண்ணெய் வடியக் கிடந்தார்கள். பாறையில் குப்புறப் படுத்து ஓர் ஆளிடம் முதுகில் அறை வாங்கிக்கொண்டிருந்த வழுக்கைத் தலை ஒன்று திரும்பிப் பார்த்து, “என்னலே மீரான், எண்ணெய் தேய்க்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?” என்றது. தேய்க்கிறவன் கழுத்தை அமுக்கிக்கொண்டிருந்ததால் பால்வண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நிலையில் அவனைப் பார்த்ததில் எனக்கு ஒரு சிறு திருப்தி, பொய் சொல்வானேன்.

விஷயத்தைச் சொன்னேன், அவனை எதுவும் சொல்லி அழைக்காமலே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, தடியனை எடுக்கச் சொல் என்றான். காரணம் கேட்டேன். இரண்டும் பங்களாவில் இருக்கிறது, நீயே பார்த்துக்கொள் என்றான். குளித்துவிட்டு வந்து இரண்டையும் கொடுத்தனுப்பினான். அவன் மனைவி மங்குஸ்தான் பழம் ஒரு பை கொடுத்தாள், வாங்க மறுத்தால் மரியாதையில்லை என்று வாங்கிக்கொண்டேன். உதவித்தொகைப் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இரண்டையும் நாலு நாள் படித்தேன். மெல்லிய புத்தகம் எழுதியவர் ஆசிரியர் என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது. வரையறை, விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி, பின்னால் விடை. ஒரு சொல் கூடுதலாகக் கிடையாது. தடியன் நேர் எதிர். வளவளவென்ற பேச்சு, அதைவிட மோசம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் தப்பான புரோகிராமாகப் பார்த்து அச்சிட்டு, இதை யந்திரத்தில் போட்டேன், இன்ன கூத்து நடந்தது என்று கதை சொல்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கு எல்.டி. படித்தபோது எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது, கரும்பலகையில் தப்புக் கணக்கை எழுதாதே, எந்தக் காரணத்துக்காகவும் எழுதாதே, பையன் மனதில் அதுதான் ஒட்டிக்கொள்ளும் என்பது. இன்று வரை நான் எழுதியதில்லை. இப்படி ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்கிறவனுக்கா உதவித்தொகை கொடுத்தார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் மெல்லியதையே எடு என்று உனக்கு ஒரு கடிதமும் எழுதி, உறையும் ஒட்டிவிட்டேன்.

தபாலில் போடுவதற்கு முன் அவன் பிழையை அவனுக்கு எடுத்துக்காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது பார். மெல்லிய புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதினேன். நம் பள்ளி மார்க் கணக்குதான். ஐந்து பாடத்து மார்க்கைக் கூட்டு, ஐந்தால் வகு, சராசரி முப்பத்தைந்து வந்தால் தேர்ச்சி. முப்பத்து நாலரைக்கு மேல் வந்தாலும் முப்பத்தைந்தாக்கித் தேற்றிவிடுவது எங்கள் வழக்கம், அதையும் சேர்த்தேன். நாலு நாளில் ஒரு பாஷை. சுத்தமாக நகல் எடுத்து, மடிப்புக் கலையாமல் இரண்டு புத்தகத்தோடும் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

பால்வண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம்தான் பார்த்தான். “ஏலே மீரான், ஒனக்கு யாரு மேலலே இம்புட்டுக் கோவம்? ஓரத்துல நிக்குத பயலுவளை ஒருத்தன் விடாம பெயிலாக்கிட்டியே” என்றான். எனக்குப் புரியவில்லை. நூற்று எழுபத்து நாலை ஐந்தால் வகுத்தால் என்ன என்றான். முப்பத்து நாலு புள்ளி எட்டு என்றேன். உனக்கு அப்படி, யந்திரத்துக்கு முப்பத்து நாலு என்றான். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதிப் பின்னத்தை அது கேட்காமல் கொள்ளாமல் தூக்கி எறிந்துவிடுமாம். தப்பு என்றும் சொல்லாது, நின்றும் போகாது, விடையை அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடுமாம். எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து எழுதினால்தான் பின்னத்தையும் கணக்கில் எடுக்குமாம். இத்தனை பெரிய விஷயம் புத்தகத்தில் இல்லையே என்றேன். இருக்கிறது என்று மெல்லிய புத்தகத்தின் பின்னிணைப்பைப் புரட்டிக் காட்டினான். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒன்றரை வரி.

பிறகு தடியனில், தப்புக் கணக்குத்தானே என்று நான் படிக்காமல் தள்ளிவிட்ட முப்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, காப்பி சொல்லப் போகிறவன் போல உள்ளே போய்விட்டான். அமெரிக்காவில் ஏதோ பந்தாட்டமாம். நூறு தடவை மட்டையைத் தூக்கி முப்பது தடவை ஒழுங்காக அடித்தவனுக்குச் சராசரி போடச் சொன்னால் யந்திரம் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது. முப்பதை நூறால் வகுத்துப் பின்னத்தை எறிந்துவிட்டது. நான் செய்த அதே பிழை, எனக்கு முன்னாலேயே ஒருவன் செய்து, வெட்கப்படாமல் அச்சும் போட்டிருக்கிறான். எனக்கு முகம் சுட்டது. அவன் உள்ளே போனது அதற்காகத்தான் என்பதும் தெரிந்தது, அது இன்னும் சுட்டது.

கபீர், நம் பையன்கள் கரும்பலகையில் தப்பைப் பார்த்தால் வகுப்பில் ஐம்பது பேரில் ஒருவனாவது எழுந்து சார் என்பான். இந்த யந்திரம் எழுந்திருக்காது. நீ தாளில் எழுதிக் கொடுப்பாய், யந்திரம் படிப்பதற்காக யாரோ அதை அட்டையில் துளை போடுவார்கள், வாரம் கழித்து விடை வரும், அது தப்பா சரியா என்று உனக்குச் சொல்ல ஆள் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் உனக்கு வேண்டியது பிறர் விழுந்த பள்ளங்களைக் காட்டும் புத்தகம். மெல்லியது என்னைப் போன்றவர்கள் படித்து ரசிக்க நன்றாயிருக்கிறது, உன்னை அக்டோபரில் கிடங்குக்கு அனுப்பிவிடும். ஆகவே தடியனுக்குப் பெயர் கொடு. ஆறாம் தேதி வரை காத்திராதே, இது கிடைத்த அன்றே கொடு. உறை ஒட்டிய கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இன்னொன்று, உன் யந்திரம் எந்த மாதிரி, எந்த வருஷத்தது என்று கேட்டுக்கொள். பாஷை ஒன்றானாலும் யந்திரத்துக்கு யந்திரம் சில வாக்கியம் மாறுமாம், கம்பெனிக்காரன் கொடுக்கும் கையேட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டுமாம். இதுவும் அவன் சொன்னதுதான்.

உன் உம்மா உடம்பு எடையில் ஒரு ராத்தல்கூடக் குறையாமல் சாப்பிடச் சொன்னாள். ஷமீம் பம்பாய்ப் படம் போட்ட அஞ்சலட்டை கேட்கிறாள். தொழுகையை விடாதே. குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகாதே, அங்கே சாரல் இல்லை, வெறும் மழைதான். அல்லாஹ் உனக்கு நல்ல அறிவையும் நீண்ட ஆயுளையும் தந்து அந்த ஆறு பேரில் ஒருவனாக வைப்பானாக.

பால்வண்ணநாதனுக்கு நன்றி சொல்லி நீ ஒரு கார்டு எழுது, சென்னை விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். வாப்பாவும் நன்றி சொல்லச் சொன்னார் என்று அதில் சேர்க்க வேண்டாம். நான் அவனிடம் இரண்டு தடவை போயும் அதைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன், உன் கையால் சொல்லியனுப்புவது முறையில்லை. அவன் புதன்கிழமை வரை குற்றாலத்தில்தான் இருக்கிறான், பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உன் வாப்பா,
முகம்மது மீரான்