எலி வாங்க வராமல் போனவன்

இன்று காலை கடையைத் திறந்தபோது ஃப்ரீசர் நின்றுபோயிருந்தது. மூடியைத் தூக்கியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. ஈர வைக்கோலும் பழைய கடலையும் கலந்தது போன்ற, இளகத் தொடங்கிய எலியின் வாடை. மேலே கிடந்த பைகள் மெத்தென்று இருந்தன. அடியில் இருந்தவை இன்னும் கல்லாகவே கிடந்தன. ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைத்து விற்கக்கூடாது என்பது உன் சட்டம். கை விறைக்க விறைக்க ஒவ்வொரு பையாக எடுத்து ஒதுக்கினேன். நீ பக்கத்தில் நின்று, "வடிவாப் பார். வயிறு பச்சையாக் கிடந்தால் எறி" என்று சொல்வது போலவே இருந்தது.

நீ போய் இது இரண்டாவது குளிர்காலம். உன்னிடம் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். எனக்கே போன வாரம்தான் அது தெரியவந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இருந்துதான் வர வேண்டும்.

சுவிஸுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவிய காலத்தில் பழகியவர்கள் நாம். கலியாணம் கட்டி நீ ஃப்ரிபூர்க்குக்கு வந்தாய். சில வருடம் கழித்து நானும் வந்தேன். ஊருக்கு வெளியே, பாம்பும் பல்லியும் வளர்க்கிறவர்களுக்கான பொருட்கள் விற்கும் சின்னக் கடையில் உனக்கு வேலை. முதலாளி ஓய்வெடுக்கப் போனபோது கடையை நீயே பொறுப்பெடுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டாய்.

"எலி விக்கிறதோ?" என்று கேட்டேன்.

"உயிரோடை இல்லையடி. உறைஞ்சது."

இந்த நாட்டில் பாம்புக்கு உயிருள்ள எலியைப் போட்டு வேடிக்கை பார்க்கச் சட்டம் விடாது. ஆகவே பாம்பு வளர்க்கிறவர்கள் நம்முடைய ஃப்ரீசரைத்தான் நம்பியிருந்தார்கள். நம் சனம் உன்னை எலிக்காரி என்றது. வெள்ளிக்கிழமை விரதத்தோடு, நெற்றியில் திருநீற்றோடு, வெள்ளை எலிகளைப் பருமன் பார்த்துப் பிரித்துக்கொண்டே, "வீட்டிலை தோசைக்கு அரைச்சு வைச்சிட்டு வந்தனான். பேந்து வா, சாப்பிடலாம்" என்பாய். எனக்குக் குமட்டும். நீ சிரிப்பாய்.

எலி எங்கே வாங்குவது என்று தேடிய நாட்கள் நினைவிருக்கிறது. முதலில் போன பண்ணையில் வாசலிலேயே கண் எரிந்தது. கூடுகளில் எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெரிந்தன. பாதிக்கு வால் கடிபட்டிருந்தது. நீ திரும்பி வந்து காரில் ஏறினாய். "பயந்து சாகிற பிராணியைக் கொண்டுவந்து விக்க என்னால ஏலாது" என்றாய். பிறகு ஒரு கிராமத்தில் ஒரு சுவிஸ் மனுசியைக் கண்டுபிடித்தோம். சுத்தமான மரத்தூள், நல்ல தீனி, நெரிசலில்லாத கூடுகள். அவள் எலிகளைக் கரியமில வாயு அடைத்த பெட்டியில் வைத்துக் கொல்வதையும் நின்று பார்த்தாய். நான் வெளியே நின்றேன். வந்து, "அமைதியாத்தான் போகுதுகள்" என்றாய். போர் நேரத்தில், ஊரை விட்டு வருமுன் நீ பார்த்தவற்றைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

அந்தத் தம்பி வந்தது அடுத்த வசந்தத்தில். ரெஸ்ரோறன்ற் ஒன்றில் சமையல் வேலை. சின்ன வயதிலேயே இங்கு வந்தவன். பிரெஞ்சும் தமிழும் ஒரே வாயில் வரும். கடைக்குள் தமிழ் முகங்களைக் கண்டு வெட்கப்பட்டான். "சோளப்பாம்பு அக்கா, சின்னப் பாம்பு" என்றான். அது மெல்லிய, சாதுவான சாதி. வளர்ந்தாலும் ஒரு சுண்டெலிக்கு மேல் கேட்காது. மயிர் முளைக்காத குஞ்செலிகளை வாங்கிக்கொண்டு போனான்.

சில மாதத்தில் சுண்டெலிக்கு வந்தான். பிறகு இளம் எலிக்கு. பிறகு பெரிய எலிக்கு. ஒவ்வொரு முறையும் சிரித்த முகம். ஒருமுறை உனக்கு ஒரு பெட்டி மாம்பழம்கூடக் கொண்டுவந்தான். பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவுதான் இரையும் இருக்கலாம் என்பது எல்லோருக்கும் நீ சொல்வது. அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் நீ இரண்டு கையையும் வளைத்து, அவன் வாங்கிப் போன எலியின் சுற்றளவைக் காற்றில் பிடித்துப் பார்த்தாய்.

"எடியே, இது சோளப்பாம்பு இல்லை" என்றாய். "இவன் மலைப்பாம்பு வளர்க்கிறான்."

"அதுக்கு அனுமதி வேணுமே?"

"வேணும். கன்ரோன் அரசாங்கத்திட்டை எடுக்க வேணும். இவனிட்டை இருக்கும் எண்டு நினைக்கிறியோ?"

அடுத்த தடவை அவன் முயல் கேட்டான். நீ நேராகவே கேட்டாய். அவன் தலையைக் குனிந்தான். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகவும் இந்த நேரத்தில் எதையும் கிளறவேண்டாம் என்றும் கெஞ்சினான். நல்ல கண்ணாடிப் பெட்டி இருக்கிறதாம். பூட்டு இருக்கிறதாம். போகிற போக்கில் ஒன்று சொன்னான். யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி வந்துவிட்டாளாம், குழந்தை பிறந்திருக்கிறதாம். சந்தோசமான செய்தி என்று நான் வாழ்த்தினேன். நீ வாழ்த்தவில்லை. "அதைக் கெதியா ஒரு பொறுப்பான இடத்திலை குடுத்திடு தம்பி. நானே இடம் பார்த்துத் தாறன்" என்றாய். ஓம் என்று போனான்.

பிறகு வரவில்லை.

பனி கொட்டத் தொடங்கியது. வேறு யாரைப் பற்றியும் நீ அப்படி யோசித்ததில்லை. ஒவ்வொரு நாளும் கதவுமணி கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாய். "பாம்பு செத்திருக்கும்" என்றேன். "செத்தால் வந்து சொல்லியிருப்பான், அழுதிருப்பான்" என்றாய். "வேறை இடத்திலை வாங்கிறான் போல." "முயல் இந்தச் சுற்றுவட்டத்திலை எங்களிட்டை மட்டும்தான்." பிறகு ஃப்ரீசரைத் திறந்து முயல் பையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாய்.

"வளர்ந்த மலைப்பாம்பு மாதக்கணக்கா பட்டினி கிடக்கும். ஆனா, ஏன் பட்டினி போடுறான்? பாம்பு பெட்டிக்குள்ளை இருந்தால் தீனி போட்டிருப்பானே."

அன்று மத்தியானமே கடையைப் பூட்டினாய். ஒரு முயலையும் பெரிய எலிகளையும் குளிர்ப் பெட்டியில் வைத்தாய். கடைக் கணக்குப் புத்தகத்தில் அவன் விலாசம் இருந்தது. நகரின் பழைய பகுதியில், ஆற்றை ஒட்டிய கட்டடம். மாடிப்படி ஏறும்போது உன் மூச்சு வாங்கியது. அப்போதே உன் இருதயம் நலமாக இல்லை, நீதான் யாருக்கும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது அவன் மனைவி. இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளை. தமிழ்க் குரல் கேட்டதும் முகம் மலர்ந்து, "வாங்கோ அக்கா, வாங்கோ" என்று உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள். யாரும் வராத வீடு என்பது தெரிந்தது. குழந்தை அறைக்குள் மரத் தொட்டிலில் தூங்கியது. முன்னறையில், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடிப் பெட்டி. விளக்கு அணைந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"பாம்பு எங்கை பிள்ளை?" என்று கேட்டாய்.

"அவர் வித்திட்டார் அக்கா. பிள்ளை பிறந்ததும் நான்தான் கரைச்சல் குடுத்தனான். ஒருநாள் நித்திரையாலை எழும்பிப் பார்க்கப் பாம்பு இல்லை. ஆரோ வந்து கொண்டுபோனவையாம்."

நீ பெட்டியின் கதவை இழுத்துப் பார்த்தாய். பூட்டின் நாக்கு வளைந்திருந்தது. பிறகு மிகச் சாதாரணமான குரலில், "வீட்டிலை ஏதும் திருத்த வேலை நடந்ததோ?" என்றாய். அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாதது.

"ஓம். குளிக்கிற தொட்டிக்குக் கீழை ஏதோ தண்ணி ஒழுகுதெண்டு அவர் பலகையைக் கழட்டினவர். இன்னும் பூட்டேல்லை. குசினி அலுமாரிக்குக் கீழையும் ரோச்லைற் அடிச்சுப் பார்த்தவர். எலி இருக்குதோ தெரியாது எண்டு சொன்னவர்."

நீ என்னைப் பார்த்தாய். என் கால் இரண்டும் தரையில் இருக்கக் கூசின.

"பிள்ளை, குழந்தையைத் தூக்கு. உடுப்பு ஒண்டும் வேண்டாம், போர்வையோடை தூக்கு. கீழ் வீட்டுக்குப் போ. போய் உன்ரை மனுசனுக்குப் போன் எடு. எலி விக்கிற அக்கா வந்து நிக்கிறா, கெதியா வா எண்டு மட்டும் சொல்லு."

பாம்பு வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. குழந்தையை அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு படி இறங்கினாள்.

அவன் வந்தபோது சமையல் உடுப்பிலேயே வந்தான். வாசலில் உன்னைக் கண்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பல வாரமாகத் தேடுகிறானாம். மனைவிக்குச் சொன்னால் பயப்படுவாளாம். பொலிசுக்குச் சொன்னால் குடியுரிமை போய்விடுமாம். "எழும்பு" என்றாய். "பாம்பு பிடிபட்ட உடனை நான் கன்ரோனுக்குப் போன் எடுக்கப் போறன். இப்பவே சொல்லிப்போட்டன். பேந்து அக்கா ஏமாத்திப்போட்டா எண்டு சொல்லாதை."

சமையலறையில் நீ எலிகளைப் பரப்பித் தெரிவு செய்ததை மறக்கமாட்டேன். முயலைத் தொட்டுவிட்டு ஒதுக்கினாய். பசித்த பாம்பு பழகிய மணத்துக்குத்தான் முதலில் வரும் என்று, இருந்ததில் பெரிய எலியை எடுத்தாய். சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, துவாயால் துடைத்து, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடாக்கினாய். வீடு முழுக்க அந்த வாடை. குளியலறையில், கழற்றிய பலகைக்கு முன்னால் நீண்ட இடுக்கியால் அதைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினாய். "உயிரோடை கிடக்கிற மாதிரி ஆட்ட வேணும்" என்று முணுமுணுத்தாய்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஆற்றுச் சத்தம் மட்டும். பிறகு இருட்டுக்குள் ஏதோ சிமெந்தில் உரசியது. முதலில் நாக்கு. பிறகு என் கையளவு தலை. அது எலியைப் பார்க்கவில்லை; உன்னைப் பார்த்தது. நீ இடுக்கியை அசைப்பதை நிறுத்தவில்லை. அடுத்த கணம் இடுக்கி உன் கையில் இருந்து பறிபட்டது. எலியைச் சுற்றி அது தன்னைச் சுருட்டிக்கொண்டு, முழு உடம்பையும் வெளியே இழுத்தது. முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. அவன் பாம்பின் தலைக்குப் பின்னால் பிடித்தான். நானும் நீயும் நடுவையும் வாலையும் தூக்கி, உடுப்புப் போடும் பெரிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இறக்கினோம். குளிர்ந்த, கனமான, முழுக்கத் தசையான உடம்பு. மூடியைப் போட்டு அதன்மேல் நீ ஏறி உட்கார்ந்தாய். கீழே மூடி மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

அங்கேயே உட்கார்ந்தபடி போனை எடுத்தாய். அவன் உன் காலைப் பிடித்தான். "அக்கா, பிடிபட்டிட்டுதுதானே அக்கா. இனி ஏன்?" நீ அவனைப் பார்க்காமல், உன் உடைந்த பிரெஞ்சில், தெருப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னாய்.

அவனுக்குத் தண்டம் வந்தது. குடியுரிமை தள்ளிப்போனது. அதற்குப் பிறகுதான் உனக்கு நடந்தது. கோயில் திருவிழாவில் சனம் உன்னைக் கண்டு விலகியது. அன்னதான வரிசையில் உனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி கேட்கும்படியாகவே, "காட்டிக்குடுத்தவள்" என்றாள். போரைக் கடந்து வந்த நம் ஆட்களுக்குள் அந்தச் சொல்லின் பாரம் எனக்குத் தெரியும், உனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நீ தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தாய். காரில், ஸ்ரியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, "போன் எடுக்காமல் விட்டிருக்கலாமோடி? பாம்புதான் பிடிபட்டிட்டுதே" என்று கேட்டாய். அந்தக் கேள்வியோடுதான் நீ போனாய். உன் செத்தவீட்டுக்கு வந்தவர்களைவிட அங்கே காலியாகக் கிடந்த கதிரைகள் அதிகம்.

இனி செய்தி. போன வாரம் அவன் மனைவி, அந்தப் பிள்ளை, கடைக்கு வந்தாள். வேறு ஊருக்கு வீடு மாறுகிறார்களாம். குழந்தை வளர்ந்துவிட்டதால் தொட்டிலை யாருக்கோ கொடுக்கக் கழற்றியிருக்கிறாள். தொட்டிலுக்கு அடியில் இழுப்பறை, அதன் பின்பக்கம் உடைந்திருந்ததாம். பழைய போர்வைகளை எடுத்தபோது அவற்றின் அடியில் காய்ந்த தோல் கிடந்தது. பாம்பு கழற்றிய சட்டை. மடிந்து, மடிந்து, இழுப்பறையின் நீளத்துக்குக் கிடந்ததாம். குழந்தை படுத்த மெத்தைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைதான். அந்த நாட்களில் குழந்தை சத்தமில்லாமல் நன்றாகத் தூங்கியதாக அவள் ஊருக்குப் போன் எடுத்துப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"அவருக்கும் காட்டினனான் அக்கா" என்றாள். "அதுக்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னவர். அண்டைக்கு அந்த அக்கா போன் எடுக்காட்டித் திரும்பவும் அதே பெட்டிக்குள்ளைதான் விட்டிருப்பாராம். பூட்டை மட்டும் மாத்தியிருப்பாராம். நான் அந்த அக்காவுக்கு நன்றி எண்டு ஒரு சொல் சொல்லேல்லை. செத்தவீட்டுக்கும் வரேல்லை. ஆரிட்டைச் சொல்லுறது எண்டு தெரியாமல் உங்களிட்டை வந்தனான்."

சொல்லிவிட்டேன். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இரண்டு குளிர்காலம் முந்தி வந்திருக்க வேண்டும்.

உன்னிடமிருந்து தைரியம் எனக்கு வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது பயம்தான். கடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு பெரிய எலி கேட்டாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வந்துகொண்டிருந்து நின்றுபோகிறவர்கள்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். இலையுதிர் காலத்தோடு, பெரிய எலி வாங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் வராமல் நின்றுவிட்டார். நம்மவர்தான், கோயிலில் எனக்கு வணக்கம் சொல்கிற சிலரில் ஒருவர். நேற்றுப் பின்னேரம் அவர் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, மணி அடித்ததும் அது நின்றது. யாரும் திறக்கவில்லை. வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு சோடி மிகச் சின்னது.

படியில் உட்கார்ந்து கன்ரோனுக்குப் போன் எடுத்தேன்.