துன்னு தல்லி

என் ஆசை நைனாவுக்கு,

நீ கண்ணை மூடி இருபத்திரண்டு நாளாகிறது. எர்ரம்மா இன்னும் சரியாகத் தின்னவில்லை. இதைத்தான் முதலில் உனக்குச் சொல்லத் தோன்றியது.

வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. ஈ மொய்த்தாலும் வாலை வீசுவதில்லை. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "ஜுரம் லேதும்மா. வயிறும் நல்லாத்தான் இருக்குது. யாரையாவது தேடுதா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கதான் தேடிக்கினு கீறோம். மாட்டுக்கு ஏது சார் அதெல்லாம்? வர்ற சந்தைல புடிச்சிக் குடுத்துட வேண்டியதுதான்." சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்று அவளும் சாப்பிடவில்லை, நைனா.

புத்தூர்ச் சந்தையில் வாங்கிய பசு, தெலுங்கில் சொன்னால்தான் தின்னும் என்று நீ அதனிடம் தெலுங்கு பேசுவாய். எனக்குத் தெலுங்கு என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த ஆந்திரப் பள்ளிக்கூடத்தில், தமிழ்க்காரி என்பதைத் தெலுங்கில் 'அரவப் பிள்ளை, அரவப் பிள்ளை' என்று சொல்லி வகுப்பே சிரித்ததால்தானே ஒன்பதாவதோடு நின்றேன்? நீ திட்டவில்லை. "எர்ரம்மா சிரிக்காதும்மா, அதுங்கிட்டப் பேசிப் பழகு" என்றாய். நான் பழகவே இல்லை.

சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் தனியாகக் கொட்டகைக்குப் போனேன். "தினு தல்லி" என்று பள்ளிக்கூடத்துத் தெலுங்கில் சொன்னேன். சாப்பிடு தாயே என்று அர்த்தம். அதன் காதுகூட அசையவில்லை.

பிறகுதான் நினைவு வந்தது. நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நம் வீட்டுத் 'துன்னு'வோடு தெலுங்குக்காரர்களின் 'தல்லி'யைச் சேர்த்துக்கொள்வாய். பால் எடுக்க வருகிறவர்கூட அதைக் கேட்டுச் சிரிப்பார்.

"துன்னு தல்லி!"

எர்ரம்மா சட்டென்று தலையைத் தூக்கியது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன், நைனா.

அதை ஏமாற்றிவிட்டேனோ? அது படுவதற்குத் துக்கம் என்று பெயர் இருப்பது அதற்குத் தெரியாமல் இருக்கலாம். பெயர் தெரிந்த எனக்கு மட்டும் என்ன குறைந்துவிட்டது? கழுத்தைக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் என் கையிலிருந்து ஒரு பிடி புல் தின்றது.

திரும்பினால் அம்மா நிற்கிறாள். "உங்க நைனாவோட தப்புத் தெலுங்கு இன்னும் ஊட்ல கீதா?" என்று சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்கு சந்தைக்குப் போவல. நீ வந்து துன்னு."

"நீயும் துன்னுமா" என்றேன்.

தினமும் அதே சொல்லைத்தான் சொல்வேன், நைனா. யார் சிரித்தாலும் திருத்த மாட்டேன்.

உன் மகள்,
அரவப் பிள்ளை